பெரியப்பா முதுகு மூன்று

தனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று தானாகவே சொல்லிக்கொள்கிறவரிடம் உங்கள் வீட்டு வயரைக் கொடுக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அனுபவம் வயரைக் கொடுத்தவருடையது அல்ல, கையை நீட்டி வாங்கிக்கொண்டவளுடையது.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு. எனக்கு இருபத்து மூன்று வயது. திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர். கடிதம் டைப் அடிப்பது, அதைச் சேமிப்பது, எங்கே சேமித்தோம் என்று தேடுவது, இவைதான் என் பாடத்திட்டம். (மூன்றாவதில் என்னை மிஞ்ச அந்த ஊரில் ஆளில்லை.) ஆனால் தெருவில் நடந்தால் "கம்ப்யூட்டர் டீச்சர் போறாங்க" என்று காதில் விழும். அது போதாதா ஒருத்தியைக் கெடுக்க?

என் அக்கா பத்மாவின் கணவர் ஏழுமலை மாமா செஞ்சி ரோட்டில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பார். எடுத்த கேசட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி விழுப்புரம் போவார். அங்கே மிக்சிங் செய்கிற ஒருவர் பாட்டுச் சேர்த்து, மணமக்களை இதயத்துக்குள் அடைத்து, மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தருவார். ஒருமுறை கூட்டேரிப்பட்டு காதுகுத்துக் கேசட்டின் நடுவே கோட்டக்குப்பத்து நிக்காஹ் விருந்து பத்து நிமிடம் ஓடியது. காதுகுத்து வீட்டார் கோபித்துக்கொள்ளவில்லை, அந்த பிரியாணியைச் செய்த சமையல்காரர் யார் என்று மட்டும் விசாரித்தார்கள். மாமாவுக்குத்தான் மானம் போனது. விழுப்புரத்துக்காரரிடம் இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். வந்த வேகத்தில் தன் புல்லட்டை விற்று, சென்னைக்குப் போய் ஓர் எடிட்டிங் கம்ப்யூட்டரை வாங்கி வந்துவிட்டார்.

பொருத்திக் கொடுக்க வரவேண்டிய ஆள் நாளை, நாளை மறுநாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெட்டிகள் பிரிக்கப்படாமல் ஸ்டுடியோவில் கிடந்தன. நான்தான் போய் நின்றேன். இதெல்லாம் ஒரு வேலையா மாமா, நான் மாட்டித் தருகிறேன் என்றேன்.

கேமராவில் ஓடும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இழுப்பதற்கு கேப்ச்சர் கார்டு என்று ஒன்று உண்டு. அதை உள்ளே சொருகி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை அந்தந்த நிறத்துத் துளையில் மாட்டினேன். யூகேஜி படித்தவர்களுக்கு இது சுலபம். கேமராவை ஓடவிட்டதும் திரையில் படம் வந்தது. ஆனால் கருப்பு வெள்ளையில் வந்தது. அதுவும் நிற்காமல் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் சிறிதும் தயங்காமல், கேசட் பழசு என்றேன். அது முந்தைய நாள் வாங்கிய கேசட்.

இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. நம் நாட்டு டிவிக்கு ஒரு முறை, அமெரிக்க டிவிக்கு வேறு முறை. அந்த மென்பொருள் அமெரிக்க முறையிலேயே வந்திருந்தது. மாற்றியதும் பட்டுப்புடவைகள் நிறம் பிடித்தன. அடுத்து, சத்தம் வரவில்லை. ஒலிக்கான பக்கத்தைத் திறந்தால் ஏழெட்டுக் கட்டங்கள். எது எதற்கு என்று தெரியாததால் எல்லாவற்றிலும் டிக் அடித்துவிட்டேன். சத்தம் வந்தது. மாமா வரவேற்புரை பேசிப் பதிவு செய்வதற்காக ஒரு குட்டி மைக்கும் வாங்கியிருந்தார். அதுவும் அந்த டிக்கில் அடக்கம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, கம்ப்யூட்டரில் ஓட்டும் படத்தை டிவியில் காட்டும் வேலை. முறைப்படி, டிவியில் முடிந்த படம் மட்டும்தான் தெரிய வேண்டும். நான் செய்த ஏற்பாட்டில் மானிட்டரில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் டிவியிலும் வந்தது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். அதைவிட வேறென்ன வேண்டும்?

மாமா, வந்த சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தார். பெருமுக்கல் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பத்துப் பெண்ணுக்குத் திண்டிவனத்து மண்டபம் ஒன்றில் கல்யாணம். காலையில் தாலி கட்டுவதை எடுத்து, மதியப் பந்தி முடிவதற்குள் பாட்டோடு படமாக்கி மண்டபத்திலேயே டிவியில் போடுவதாக இரண்டு வீட்டாரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டார். இந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம். விஷயம் விழுப்புரத்துக்காரர் காதுக்கும் போய், அதையும் பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். சொதப்பினால் மாமா மறுபடி மஞ்சள் பையோடு அவர் வாசலில்தான் நிற்க வேண்டும், அதுவும் புல்லட் இல்லாமல்.

மண்டபத்தில் எனக்குக் கிடைத்த இடம் பாத்திர அறை. சுற்றிலும் அண்டா, குண்டான், கரண்டி. நடுவில் ஒரு மேசையில், ஸ்டுடியோவில் மாட்டியிருந்த அத்தனையோடும் கம்ப்யூட்டர். அறைக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு என்பதால் கதவைச் சாத்தினாலும் இரைச்சல். மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு டிவி, பந்திக்கூடத்தில் ஒரு டிவி. இரண்டுக்கும் நீள வயர் இழுத்தாயிற்று. கம்ப்யூட்டரிலிருந்து வரும் சத்தத்தைச் சவுண்டு செட்காரரின் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தாயிற்று. ஸ்பீக்கர் வயர் அங்கே போய்விட்டதால் என் பக்கம் சத்தமே இல்லை. வெட்டுவதற்குச் சத்தம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஏழரை மணிக்குத் தாலி. எட்டரைக்கு மாமா ஓடிவந்து கேசட்டை என் கையில் திணித்துவிட்டு மறுபடி மேடைக்கு ஓடினார். ஒரு மணி நேரக் கேசட் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும். ஒன்பதரை வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு வியர்த்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா என்று ஒருவர். ஆறடி உயரம், அதற்கு ஏற்ற அகலம், தோளில் விரித்துப் போட்ட துண்டு. குடும்பத்தில் மூத்தவர், எல்லாச் சடங்குக்கும் முன்னால் நிற்க வேண்டியவர்தான். ஆனால் அவர் கேமராவுக்கும் முன்னால் நின்றார். மாமா வலது பக்கம் நகர்ந்தால் பெரியப்பாவும் வலது பக்கம். இடது பக்கம் போனால் ஐயரிடம் ஏதோ சொல்ல அவரும் இடது பக்கம். காப்புக் கட்டும்போது அவர் முதுகு. மாலை மாற்றும்போது அவர் பிடரி. தாலி கட்டும் அந்தக் கணத்தில் அட்சதை போட முன்னால் சாய்ந்தார் பாருங்கள், திரை முழுவதும் வெள்ளைச் சட்டை. கெட்டிமேளம் சட்டைக்கு அந்தப் பக்கம் நடந்து முடிந்தது.

மாமா வந்தபோது சொன்னேன். அவர் முகம் வெளிறியது. முடிந்ததைப் பண்ணு என்று சொல்லிவிட்டு, பெண் வீட்டார் போட்டோவுக்குக் கூப்பிடவே போய்விட்டார். போகிற வழியில் சவுண்டு செட்காரரிடம், டிவியைப் போட்டு வையுங்கள், இப்போது வந்துவிடும் என்று சொன்னாராம். அவரும் போட்டு வைத்தார். அது எனக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து அக்கா இரண்டு டம்ளர் காபியோடு உள்ளே வந்து, ஒரு குண்டானைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாண வீட்டு வீடியோவைப் பக்கத்தில் அக்கா இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு பார்க்கும் சக்தியைக் கடவுள் எந்தத் தங்கைக்கும் கொடுக்கவில்லை. பச்சைப் புடவை அத்தை மூன்று தடவை வந்து மூன்று தடவையும் நெக்லஸைச் சரிசெய்ததைப் பற்றிப் பேசினோம். தாலி கட்டும்போது கொட்டாவி விட்ட மாப்பிள்ளைத் தோழனைப் பற்றிப் பேசினோம். பேசிக்கொண்டே ஒவ்வொரு துண்டாக வெட்டி, அவசரத்தில் வாய்க்கு வந்த பெயரை வைத்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள். பெரியப்பா முதுகு ஒன்று. பெரியப்பா முதுகு இரண்டு. பெரியப்பா முழங்கை. பெரியப்பா துண்டு.

வெளியே சிரிப்புச் சத்தம் அலை அலையாக வந்தது.

"இன்னாமோ சிரிச்சிக்கினு கிடக்கிறாங்க" என்றாள் அக்கா.

மாப்பிள்ளையை யாரோ கலாய்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நான் தாலி கட்டும் துண்டுக்கு வந்தேன். பெரியப்பா முதுகு மூன்று. அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். சட்டையைத் தவிர ஒன்றும் இல்லை.

"இவரு கல்யாணத்துக்கு வந்தாராக்கா, இல்ல கேமராவுக்கு முன்னாடி செவுரு கட்ட வந்தாரா?" என்றேன்.

"செவுத்துக்காவது ஜன்னல் வெப்பாங்க" என்றாள் அக்கா.

வெளியே மண்டபம் இடிந்து விழுந்ததுபோல் ஒரு சிரிப்பு. நான் அதையும் பொருட்படுத்தவில்லை. மணி பதினொன்று ஆகியிருந்தது. இந்தத் துண்டால் பயனில்லை, தூக்கிப் போட்டுவிட்டு அட்சதை விழுவதிலிருந்து தொடங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். மவுஸால் பிடித்து இழுத்துக் குப்பைத் தொட்டிப் படத்தின் மேல் விட்டேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கட்டம் போட்டுக் கேட்டது. எனக்கும் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. எவ்வளவுதான் மறைத்தாலும் தாலி கட்டும் துண்டு அல்லவா?

"இன்னாக்கா, அழிச்சிடட்டுமா?" என்றேன்.

"அழிச்சிடு" என்றது மண்டபம்.

அக்கா அல்ல. அக்கா வாயில் காபி இருந்தது. முந்நூறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். சமையல்கட்டில் கரண்டி நின்றது. அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு இருவரும் சேர்ந்து மேசை மேல் நின்றுகொண்டிருந்த அந்தக் குட்டி மைக்கைப் பார்த்தோம்.

கதவு திறந்து மாமா வந்தார்.

"ஜெயா, எல்லாம் டிவில ஓடிக்கினு இருக்குதும்மா. நீங்க பேசறதும் கேக்குது."

"எப்பலேர்ந்து மாமா?"

"முதுகு ஒண்ணுலேர்ந்து."

என் வாழ்நாளில் பூமி பிளந்து உள்ளே போக வேண்டும் என்று நான் விரும்பியது அந்த ஒரு தடவைதான். பூமி பிளக்காவிட்டாலும், பக்கத்தில் இருந்த பெரிய அண்டாவுக்குள் உட்கார்ந்துகொள்ளலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் மாமாவுக்குப் பின்னால் வாசல் இருண்டது. வாசலை மொத்தமாக அடைத்துக்கொண்டு நின்றது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரியப்பா உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் பெண்ணின் அம்மா, அவருக்குப் பின்னால் பாதி மண்டபம். அக்கா எழுந்துகொண்ட குண்டானின் மேல் பெரியப்பா உட்கார்ந்தார். மாமா கையைக் கூப்பி ஏதோ சொல்லப் போனார். பெரியப்பா அவரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் மறைச்சிட்டேனாம்மா?"

அந்தத் துண்டை ஓட்டிக் காட்டினேன். அவர் தன் முதுகைத் தானே முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சட்டை வந்தது, நின்றது, போனது. அப்போது பெண்ணின் அம்மா மெல்லிய குரலில் சொன்னார்.

"நானும் பாக்கலைங்க. உங்களுக்குப் பின்னாலதான் வெளக்கு வெச்சிக்கினு நின்னேன். சரி, வீடியோவுல பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. ஒரே மகள். மல்லாட்டைக் காட்டில் நின்று வளர்த்த மகள். அவள் கழுத்தில் தாலி ஏறியதைப் பெற்றவள் பார்க்கவில்லை. இத்தனை நேரம் அந்த முதுகை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் அது வெறும் படத் துண்டு இல்லை என்று உறைத்தது.

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் வலது கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"அரிசி போட கைய தூக்கினேன் இல்ல? தூக்கினா கைக்குக் கீழ சந்து தெரியணுமே. அங்க போய்ப் பாரும்மா. மெதுவா."

விழுப்புரத்து மிக்சிங் மேசையில் அது நடக்காது. கம்ப்யூட்டரில் நடக்கும். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்கள். அம்புக்குறிப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஒரு படம் நகரும். அழுத்தினேன். சட்டை. சட்டை. சட்டை. டிவியை அணைக்கட்டுமா என்று மாமா கிசுகிசுத்தார். ஓடட்டும், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார் பெரியப்பா. மறுபடி சட்டை. அவர் முழங்கை மெல்ல மேலே போக ஆரம்பித்தது. அக்குளுக்கும் துண்டின் ஓரத்துக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம். அடுத்த படத்தில் அந்தக் கோடு விரிந்தது. அதற்கு அடுத்ததில் மஞ்சள் கயிறு.

நாதஸ்வரக்காரர்கள்கூட மேடையிலிருந்து இறங்கி டிவி முன்னால் நின்றார்களாம்.

பதினொரு படங்கள். அவ்வளவுதான். அரை நொடிக்கும் குறைவு. அந்தப் பதினொன்றையும் தனியே வெட்டி, கைச் சந்தில் தெரிந்ததை மட்டும் திரை முழுவதும் பெரிதாக்கி, வேகத்தை இழுத்து இழுத்துக் குறைத்தேன். முதல் தடவையாக என்ன செய்கிறேன் என்று தெரிந்து செய்தேன். மாமா வரவேற்புரைக்கு வைத்திருந்த நாதஸ்வர இசையை அடியில் போட்டு ஓடவிட்டேன். மாப்பிள்ளையின் இரண்டு விரல்கள் கயிற்றின் நுனியைப் பிடித்திருந்தன. பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கூந்தல் பூவை யாரோ ஒதுக்கிப் பிடித்திருந்தார்கள். முதல் முடிச்சு இறுகியது. குனிந்திருந்த பெண்ணின் கண் ஒரு கணம் மேலே பார்த்தது. யாரைத் தேடியது என்று எங்களுக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்குத் தெரிந்தது. "என்னத்தான் தேடுது" என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மண்டபத்தில் எழுந்த கைதட்டலில் அண்டாக்கள் அதிர்ந்தன. இன்னொரு தடவை போடு என்று பந்திக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. ஆறு தடவை போட்டேன். ஐந்தாம் தடவை, அட்சதை கிடைக்காமல் இருந்த யாரோ சாதத்தை டிவி மேல் தூவிவிட்டார்கள். முடிந்த படம் என்று ஒன்றை நான் அன்றைக்குத் தயாரிக்கவே இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

கிளம்பும்போது பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல், நீ முதுகு, முழங்கை என்று பெயர் வைத்தாயே, அந்தத் துண்டுகளை எல்லாம் வரிசையாகச் சேர்த்து எனக்கென்று ஒரு சீடி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். நாற்பது நிமிடம். அதைத் தன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார் என்று கேள்வி. அடுத்த தை மாதமே அவர் மகள் கல்யாணத்துக்கும் எங்களைத்தான் கூப்பிட்டார். அதற்குள் மாமாவுக்கு விழுப்புரம் வரை பெயர் பரவிவிட்டது. கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், படம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், வெட்டுவதை நேரில் டிவியில் காட்டுவீர்களா, அந்த இரண்டு பெண்களும் வந்து பேசுவார்களா என்றே கேட்டார்கள். மிக்சிங்காரர் ஒரு நாள் ஸ்டுடியோவுக்கே வந்து, அந்தக் கையிடுக்குப் படத்தை எப்படி எடுத்தீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். மாமா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து 'பெரியப்பா' என்பது உறவுமுறை இல்லை. டிவிக்கு முன்னால் யார் நின்றாலும் அவர் பெரியப்பா. ஆணோ பெண்ணோ வயது என்னவோ கணக்கில்லை. என் மாமியாரே ஒருமுறை பெரியப்பா ஆகியிருக்கிறார். என் கணவர் தினமும் இரண்டு தடவையாவது ஆவார்.

போன வருடம், அப்போது மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளின் டீச்சர் என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார். அறிவியல் விடைத்தாளை என் முன்னால் வைத்தார். சூரிய கிரகணம் என்றால் என்ன என்பது கேள்வி. 'சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் நிலா பெரியப்பாவாக நிற்பது சூரிய கிரகணம்' என்று என் மகள் எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். உங்கள் வீட்டில் பெரியப்பா என்ன வேலை செய்கிறார் என்று தயக்கத்தோடு கேட்டார். நான் பாத்திர அறையிலிருந்து ஆரம்பித்துச் சொல்லி முடித்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வட்டத்துக்குப் பக்கத்தில் முழு மார்க் போட்டார்.

அந்த விடைத்தாளை மாமா கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படித்துச் சிரித்துக்கொண்டிருப்பதால், பின்னால் இருப்பவர்களுக்கு எப்போதும் ஒன்றும் தெரிவதில்லை.